உதட்டில் ஒட்டாத தங்கம்

1920-களில் ஜெர்மனியில் விலை கூடிய சிகரெட்டை அதன் முனையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். வாய் வைக்கும் இடத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அசல் தங்க ரேக்கு ஒட்டினால் கட்டுப்படியாகாது என்பதால் வெண்கலப் பொடியைக் காகிதத்தில் பூசிப் பார்த்தார்கள். பொடி உதிர்ந்தது. புகைப்பவரின் உதட்டில் போய் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்து உயர்ந்த சரக்கு வாங்குகிறவர் இதைப் பொறுத்துக்கொள்வாரா?

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் டிரெஸ்டனில் வேலை செய்த ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்ற பொறியாளர். 1881-ல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். காகிதமும் பிசினும் அவருக்குப் பழகிய பொருட்கள். பொடியைக் காகிதத்தின்மேல் தூவி ஒட்டுவதை அவர் விட்டுவிட்டார். பிசினுக்குள்ளேயே பொடியைப் போட்டுக் குழைத்து, அந்தக் குழம்பை மெல்லிய படலமாக இழுத்துவிட்டார். காய்ந்ததும் ஒவ்வொரு துகளும் பிசினுக்குள் புதைந்து நின்றது. விரலால் தேய்த்தாலும் வரவில்லை, உதட்டிலும் ஒட்டவில்லை.

வேறொருவராக இருந்தால் வேலை முடிந்தது என்று கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஃப்ளாய்மருக்கு அந்தப் பட்டையைப் பார்த்ததும் இன்னொன்று தோன்றியது. வெண்கலத்துக்குப் பதில் இரும்புப் பொடியைக் குழைத்தால்? மெல்லிய காகிதத்தில் அதைப் பூசி நீளமாக ஓடவிட்டால், அதில் ஒலியைப் பதிய முடியுமே. 16 மில்லிமீட்டர் அகலத்தில் காகித நாடா செய்தார். 1928 ஜனவரி 31-ம் தேதியிட்ட ஜெர்மன் காப்புரிமை அவர் பெயரில் இருக்கிறது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டுக்கும், ஒலிப்பதிவுக் கூடங்களில் சுழன்ற பெரிய ஸ்பூல்களுக்கும் பூர்வீகம் இந்தச் சிகரெட் பட்டைதான்.

டேப்பின் கதையைக் காந்தத்தின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். பல வருடங்களாகப் பழைய டேப்புகளோடு மல்லுக்கட்டிய பிறகு, அதைப் பசையின் கதை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. பிறந்தது பசையால். நோயில் விழுந்ததும் பசையால்தான்.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்பது ஃப்ளாய்மருக்கு முன்பே தெரிந்த விஷயம். டென்மார்க்கின் வால்டெமார் போல்சன் 1898-லேயே எஃகுக் கம்பியில் பேச்சைப் பதிந்து காட்டிவிட்டார். 1900 வாக்கில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் அந்தக் கருவியில் சில வார்த்தைகள் பேசினார். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் குரல் இருக்கிறது. நம்மிடம் எஞ்சியிருக்கும் காந்தப் பதிவுகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். அந்தக் கம்பியில் பசை கிடையாது. பதிந்த பொருளும் அதைத் தாங்கும் பொருளும் ஒரே எஃகு.

அப்படியானால் எஃகிலேயே இருந்திருக்கலாமே என்று தோன்றும். இருந்து பார்த்தவர்கள் உண்டு. 1930-களில் பி.பி.சி. எஃகு நாடாவில் நிகழ்ச்சிகளைப் பதிந்தது. மூன்று மில்லிமீட்டர் அகல நாடா நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் பாயும். அரை மணி நேர நிகழ்ச்சிக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் எஃகு வேண்டும். ஓடும்போது அறுந்தால் அது சவரக் கத்திபோல வீசும் என்பதால் கருவி ஓடும் அறைக்குள் ஆளே நிற்பதில்லை. ஒரு வார்த்தையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டுமானால் பற்றவைக்க வேண்டும். காகிதமானால் கத்தரிக்கோலும் கொஞ்சம் பசையும் போதும். ஃப்ளாய்மரின் நாடா லேசாகவும் மலிவாகவும் இருந்தது. சுலபமாகக் கிழியும், கிழிந்தாலும் உடனே ஒட்டிக்கொள்ளலாம்.

அந்தக் காப்புரிமை அவரிடம் நிலைக்கவில்லை. 1936-ல் ஜெர்மன் நீதிமன்றம், இது போல்சனின் பழைய காப்புரிமைக்குள் அடங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது சரி. இரும்புத்தூள் பூசிய காகிதத்திலும் பதியலாம் என்று போல்சன் எழுதி வைத்திருந்தார். ஆனால் எழுதுவது ஒன்று, தூள் உதிராமல் நிற்கச் செய்வது வேறொன்று. அந்த இரண்டாவதைச் செய்து காட்டியவர் ஃப்ளாய்மர். அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அதற்குள் நாடா பெரிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 1932-ல் ஏ.இ.ஜி. நிறுவனம் ஃப்ளாய்மருடன் ஒப்பந்தம் போட்டுக் கருவி செய்யும் வேலையை ஏற்றது. நாடா செய்வது லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த, ஐ.ஜி. ஃபார்பன் குழுமத்தைச் சேர்ந்த பி.ஏ.எஸ்.எஃப். ஆலையின் பொறுப்பு. தொலைபேசித் தடங்களுக்கான சுருள்களுக்காக அங்கே ஏற்கெனவே மிக நுண்ணிய இரும்புப் பொடி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பொடிக்குப் பஞ்சமில்லை, பசைக்கும் வேதியியலாளருக்கும் பஞ்சமில்லை. காகிதத்தைத் தள்ளிவிட்டு, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற ஒளி ஊடுருவும் படலத்தை அடித்தளமாக்கினார்கள். இரும்புப் பொடி போய்க் கறுப்பு இரும்பு ஆக்சைடு வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் போய்ப் பழுப்புச் சிவப்பு ஆக்சைடு வந்து நிலைத்தது. எளிய தமிழில் சொன்னால் அது துரு. டேப்புக்கு நாம் அறிந்த பழுப்பு நிறம் அங்கிருந்து வந்ததுதான்.

ஏ.இ.ஜி.யில் எட்வர்ட் ஷூலர் என்ற இளைஞர் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை ஊசிமுனைபோன்ற காந்தங்கள் நாடாவை அழுத்தித் தடவின. எஃகு அதைத் தாங்கும், காகிதம் கிழிந்துபோகும். ஷூலர் காந்தத்தை மோதிரமாக வளைத்து, ஒரே ஒரு மெல்லிய இடைவெளி மட்டும் விட்டார். நாடா அந்த வளைவின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. இன்றுவரை டேப் ஹெட் என்றால் அந்த மோதிரம்தான்.

1935 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னெட்டோஃபோன்’ என்ற பெயரில் கருவி மக்கள் முன்னால் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 19-ம் தேதி, தாமஸ் பீச்சம் தன் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையின் அரங்குக்கு வந்து வாசித்தார். ஆலைக்காரர்கள் தங்கள் சொந்த நாடாவில் அதைப் பதிந்துவைத்தார்கள். மோட்சார்ட்டின் 39-வது சிம்பொனியின் பகுதி அதில் இருக்கிறது. கேட்டிருக்கிறேன். பின்னணியில் இரைச்சல் உண்டு, இசை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் காந்தம் அத்தனை ஆண்டுகளில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரைச்சல் பெருமளவு அடங்கியது 1940-ல், ஒரு தற்செயலில். பெர்லின் வானொலியில் வால்டர் வேபர் சோதனை செய்துகொண்டிருந்தபோது ஒரு ஆம்ப்ளிஃபயர் கோளாறாகி, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வை நாடாவில் கலந்துவிட்டது. ஒலி திடீரெனத் தெளிந்தது. பழுதைச் சரிசெய்து மூடிவைக்காமல், ஏன் தெளிந்தது என்று தேடிப் போனார் வேபர். பிரவுன்மூல் என்பவரோடு சேர்ந்து அதை முறைப்படுத்தினார். அதற்குப் பிறகு வந்த நல்ல டேப் ரெக்கார்டர்கள் எல்லாம் அந்த அதிர்வைக் கலந்துதான் பதிந்தன. போரின் கடைசி மாதங்களில் பெர்லினில் வால்டர் கீஸெகிங் வாசித்த பீத்தோவன் பியானோ கச்சேரி ஸ்டீரியோவில் பதிவாகியிருக்கிறது. பியானோ மெல்லத் தணியும் இடங்களில், தூரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி வெடிக்கும் சத்தம் கேட்கிறது.

இந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் மலின், நள்ளிரவில் ஜெர்மன் வானொலியில் இசைக்குழுக்களைக் கேட்டுக் குழம்பிக்கொண்டிருந்தார். இசைத்தட்டில் வரும் கீறல் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு முழு இசைக்குழு நிலையத்தில் உட்கார்ந்து வாசிக்குமா? விடை 1945 கோடையில் பாட் நௌஹைம் என்ற ஊரில் இருந்த வானொலி நிலையத்தில் கிடைத்தது. இரண்டு கருவிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஐம்பது ஸ்பூல்களோடு தபால் பைகளில் போட்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டு 29-ம் தேதி, டிரெஸ்டன் அருகே ராடெபாய்லில் ஃப்ளாய்மர் இறந்தார்.

1947-ல் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அந்த ஐம்பது ஸ்பூல்களில் பதிவானது. மலினிடம் வேறு டேப் கிடையாது. வெட்டி, ஒட்டி, அழித்து, திரும்பப் பதிந்து ஓட்டினார். கருவியை ஆம்பெக்ஸ் என்ற நிறுவனம் செய்யத் தொடங்கியது. டேப் செய்ய வந்தது 3எம். அந்த நிறுவனத்தின் பழைய தொழிலைக் கவனியுங்கள்: உப்புத்தாளும், ஒட்டும் ஸ்காட்ச் டேப்பும். துகளைக் காகிதத்தில் உதிராமல் ஒட்டவைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். டிரெஸ்டன் சிகரெட் பட்டையைப் போலவே இங்கும் ஒலிப்பதிவு உலகம் பசைக்காரர்கள் வாசலில்தான் போய் நின்றது.

இனி நோயின் கதை.

அசிட்டேட் படலத்துக்கு ஒரு குணம் உண்டு. வயதாகி ஈரமும் சூடும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். பக்கத்து டப்பாக்களையும் அந்த ஆவி கெடுக்கும். நாடா சுருங்கும், வளையும், நொறுங்கும். ஆனால் அறுந்தால் சுத்தமாக அறுகிறது, ஒட்டிச் சேர்த்துவிடலாம். 1950-களின் நடுவிலிருந்து அந்த இடத்துக்கு பாலியெஸ்டர் வந்தது. வினிகர் இல்லை, சுலபத்தில் அறுவதும் இல்லை. அறுவதற்குப் பதில் ரப்பர்போல இழுபடும். இழுபட்ட ஒலியை யாரும் மீட்க முடியாது. இதனாலேயே பழைய ஒலிப்பதிவாளர்கள் சிலர் அசிட்டேட்டை விட மனமில்லாமல் இருந்தார்கள்.

படலம் உறுதியானதும் பசையையும் உறுதியாக்க நினைத்தார்கள். 1970-களில் பாலியூரித்தேன் வகைப் பசை பரவலானது. துகளை நெருக்கமாக அடைக்க முடிந்தது, ஒலி கூடுதலாக ஏறியது, நாடா ஒரே சீராகச் சுற்றிக்கொள்ளப் பின்பக்கம் கறுப்புப் பூச்சும் கொடுத்தார்கள். பெரிய ஸ்டூடியோக்கள் அதைத்தான் விரும்பி வாங்கின. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தன் குணத்தைக் காட்டியது.

அதை நான் தெரிந்துகொண்டது என் அப்பாவின் ஸ்பூலில். 1979-ல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நாகஸ்வரக் கச்சேரி. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டேப்பில் அப்பா அதைப் பதிந்திருந்தார். ஏழு அங்குல ஸ்பூல், பின்பக்கம் கறுப்பு. ஒரு பழைய கருவியை இரவல் வாங்கி வீட்டிலேயே ஓட்டினேன். பத்து நொடி மல்லாரி கேட்டது. அதன்பின் கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல ஒரு ஓலம். நாடா நின்று நின்று இழுத்தது. பயந்து நிறுத்தி, ஹெட்டில் விரல் வைத்தேன். விரலில் பழுப்பு நிறத்தில், வெல்லப்பாகுபோலப் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பழுப்பில் கச்சேரியின் ஒரு துளி போய்விட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் ஸ்பூலை எடுத்துக்கொண்டு போனேன்.

“ஓட்டிட்டீங்களா தம்பி?” என்றார் முதல் வார்த்தையாக.

“ஒரு பத்து செகண்ட்தான் சார்.”

“இனிமே தொடாதீங்க. ஓட்ட ஓட்டச் சுரண்டிக்கிட்டே போயிடும்.”

ஸ்பூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சுற்றியிருக்கும் நாடாவின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அசிட்டேட், கசியாவிட்டால் பாலியெஸ்டர். கசியவில்லை. “நல்லவேளை. இதைச் சுடலாம்” என்றார்.

சுடுவது என்றால் நிஜமாகவே சூட்டில் வைப்பதுதான். அவர் சொன்ன விளக்கம் இது. அந்த வகைப் பசையின் நீண்ட மூலக்கூறுகளைக் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. அறுந்த சிறு துண்டுகள் பிசுக்காகி மேற்பரப்புக்கு வருகின்றன. கடலோர ஊரில் அலமாரிக்குள் நாற்பது ஆண்டு இருந்தால் ஈரத்துக்கு என்ன குறை? சுமார் 54 டிகிரி செல்சியஸில், எட்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேலாக, சீரான சூட்டில் வைத்தால் ஈரம் வெளியேறி, பசை தற்காலிகமாக இறுகும். சில வாரங்கள்தான் தாங்கும். அதற்குள் ஒலியை எடுத்துவிட வேண்டும். வீட்டுச் சமையல் அடுப்பில் செய்யக்கூடாது, சூடு ஏறி இறங்கி நாடாவைக் கெடுத்துவிடும். அசிட்டேட்டை ஒருபோதும் சுடக்கூடாது, சுட்டால் வளைந்து நொறுங்கி அழிந்தே போகும். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பார்த்தது அதற்காகத்தான்.

எனக்கு மனதை உறுத்துவது இதுதான். பதிந்த காந்தம் அப்படியே இருக்கிறது. துருவுக்கு மேலும் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு வலுவான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதவரை அந்த நாகஸ்வரம் தன் இடத்தைவிட்டு நகராது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பசைதான் கையை விடுகிறது. இன்னொரு ஆச்சரியம், மிகப் பழைய சில நாடாக்கள் புதியவற்றைவிட ஆரோக்கியமாக இருக்கின்றன. போர்க்காலத்திலேயே ஜெர்மானியர்கள் பி.வி.சி. படலத்திலும் நாடா செய்தார்கள். அவற்றில் பரவலான நோய் எதையும் காப்பகங்கள் காணவில்லை. ‘மேம்பட்டது’ என்று பெயர் வாங்கிய 1970-களின் நாடாதான் முதலில் படுத்தது.

கேசட் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் குழு 1963-ல் கொண்டுவந்த பெட்டி அது. நாலு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத நாடா. தொண்ணூறு நிமிட கேசட்டில் அதன் தடிமன் 12 மைக்ரான். ஸ்பூலில் வந்த பிசுபிசுப்பு நோய் கேசட்டில் குறைவு. ஆனால் நம் வீடுகளில் பூஞ்சணம் அதைத் தின்கிறது. வேறொரு பசையும் அங்கே காலை வாரும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு ஒரு தகட்டில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசை காய்ந்து பஞ்சு விழுந்துவிட்டால் ஒலி அடிக்கிணற்றிலிருந்து வருவதுபோல ஆகிவிடும். பாட்டு போய்விட்டது என்று கேசட்டைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். திருகாணியைக் கழற்றி, வேறொரு கேசட்டின் பஞ்சை மாற்றினால் பாட்டு திரும்பிவிடும். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

நாடா மட்டும் மிஞ்சினால் போதாது, ஓட்டக் கருவி வேண்டும். ஹெட் தேய்கிறது, ரப்பர் உருளை இறுகிப்போகிறது, உதிரிபாகம் கிடைப்பதில்லை. யுனெஸ்கோவும் ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019-ல் இதைப் பற்றி உலகத்துக்கே எச்சரிக்கை விடுத்தன. அப்போது காப்பகத்தார் குறித்த எல்லை ஆண்டு 2025. அதுவரை மாற்றாதவற்றைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினமாகும் என்பது அவர்கள் கணக்கு.

கணினிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். இல்லை என்றார். ஹார்டு டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம். வீட்டில் எழுதும் சி.டி.யில் ஒலி இருப்பது ஒரு சாயப் பூச்சில், அது வெளுக்கும். பெரிய காப்பகங்கள் பல, இலக்கமாக்கிய ஒலியை எதில் வைக்கின்றன தெரியுமா? எல்.டி.ஓ. என்ற காந்த நாடாவில். அரை அங்குல அகலப் படலம், அதன்மேல் நுண்ணிய காந்தத் துகள், துகளைப் பிடித்துக்கொள்ளப் பசை. முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள் செய்பவர்கள். ஆனால் எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஆறாவதைப் படிக்காது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஏடு பெயர்த்து எழுதிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருந்தார். போனபோது ஸ்பூல் சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, முழுக்க ஆறி, மேசையில் இருந்தது. கருவியில் ஏற்றுவதற்கு முன் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஓடவிட்டார். ஓலம் இல்லை. மல்லாரி, அதன் நடுவே வெடிச்சத்தம், யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிடும் குரல், மறுபடி மல்லாரி. அரை மணி நேரமும் அவர் பேசவில்லை. கணினித் திரையில் ஓடும் அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடா தீர்ந்து வால் ஸ்பூலில் தட்டியதும் கருவியை நிறுத்தினார். புதிய பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ஹெட்டின் மோதிர வளைவில் மேலும் கீழுமாகத் துடைத்து, என் பக்கம் நீட்டினார்.

வெள்ளையாகவே இருந்தது.

“வந்திடுச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு, ஸ்பூலை மறுபக்கம் திருப்பிப் போட்டார்.